கூரையில்லாத அருங்காட்சியகம்: டூசானில் எங்கள் இரண்டு நாள்

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் கணவரும் மேற்கொண்ட மிக நீண்ட கார்ப் பயணம், பிப்ரவரி மாத இறுதியில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் தொடங்கி, பன்னிரண்டு நாள்களுக்குப் பின் அதே நகரில் நிறைவுற்றது. அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களின் பாலை நிலங்களை வட்டமாகச் சுற்றி வந்த அந்த வழியில் மூன்று தேசியப் பூங்காக்களையும், இரண்டு விலங்குக் காட்சியகங்களையும், மூன்று அருங்காட்சியகங்களையும், இந்த வகைகளுள் எதிலும் முழுமையாக அடங்காத ஓர் இடத்தையும் பார்த்தோம். அரிசோனாவின் டூசான் நகருக்கு மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால் இருக்கும் அரிசோனா–சொனோரா பாலைவன அருங்காட்சியகமே அந்த இடம். ஒரு நாள் போதும் என்று நினைத்துச் சென்ற நாங்கள், திட்டத்தை மாற்றிக்கொண்டு மறுநாளும் அங்கேயே சென்றோம். இந்த மதிப்பீடு பெரும்பாலும் அந்த இடத்தைப் பற்றியது. மற்றவற்றை அதனோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் அருமை விளங்குகிறது என்பதால் அவையும் இடையிடையே வரும்.

நாங்கள் எந்தக் கண்ணோடு பார்த்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 66; கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவள்; இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். என் கணவருக்கு வயது 71. ரயில்வே பணிமனையில் பொறியாளராக இருந்தவர். செடிகளைவிட இயந்திரங்களின் முன்னால்தான் அவர் அதிக நேரம் நிற்பார். ஆகவே ஓர் இடம் எங்கள் இருவரையும் ஒரே அளவுக்குப் பிடித்து நிறுத்துவது அரிது. இந்தப் பயணத்தில் அது ஓரிடத்தில்தான் நடந்தது.

அருங்காட்சியகம் என்ற பெயரைக் கேட்டு, குளிரூட்டப்பட்ட கூடங்களையும் கண்ணாடிப் பேழைகளையும் எதிர்பார்த்துச் செல்பவர்கள் வாயிலிலேயே திகைத்துப்போவார்கள். வில்லியம் கார், ஆர்தர் பேக் ஆகிய இருவரின் முயற்சியால் 1952இல் திறக்கப்பட்ட இந்த இடத்தின் மொத்தப் பரப்பு 98 ஏக்கர். அதில் மக்கள் நடந்து பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட பகுதி 21 ஏக்கர். நடைபாதைகளின் நீளம் சுமார் 2 மைல். இதில் 85 விழுக்காடு திறந்த வெளி. விலங்குக் காட்சியகம், தாவரப் பூங்கா, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், மீன் காட்சியகம் ஆகிய எல்லாம் ஒன்றாகக் கலந்திருப்பதால், எதை எங்கே பார்த்தோம் என்று பிரித்துச் சொல்வதே கடினம். ஆனால் இவை அனைத்தையும் கட்டிப்போடும் ஒரு விதி உண்டு. அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் பரந்துள்ள சொனோரா பாலை நிலத்துக்கும் அதைச் சூழ்ந்த மலைகளுக்கும் கடலுக்கும் உரிய உயிர்கள் மட்டுமே இங்கே இடம்பெறும். சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் இங்கே கிடையா. வேலிக்கு உள்ளே பார்க்கும் செடிதான் வேலிக்கு வெளியே மலைச்சரிவிலும் வளர்கிறது; உள்ளே வெயில் காயும் பல்லியின் உறவினர் வாகன நிறுத்துமிடத்திலும் ஓடுகிறார்கள். நடந்துகொண்டிருக்கும்போது, காட்சிப் பொருள் எங்கே முடிந்து காடு எங்கே தொடங்குகிறது என்று எங்களுக்குப் பல இடங்களில் தெரியவில்லை.

பாலை என்றதும் பருந்தும் செந்நாயும் கள்ளியும் நினைவுக்கு வரும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். பிரிவுக்கு உரிய நிலமாக அதை வகுத்து வைத்திருக்கிறோம். வெம்மையும் வெறுமையுமே அதன் இலக்கணம் என்று படித்திருக்கிறோம். சொனோரா அந்த எண்ணத்தை முதல் மணி நேரத்திலேயே கலைத்துவிட்டது. குளிர்காலத்தில் ஒரு மழை, கோடையின் பிற்பகுதியில் ஒரு மழை என்று ஆண்டுக்கு இரண்டு மழைப் பருவங்கள் இதற்கு உண்டு. அளவில் இரண்டும் சிறியவைதாம். ஆனாலும் அவை காலம் பிரித்துப் பெய்வதால், பாலை நிலங்களில் இந்த அளவுக்குப் பசுமையும் உயிர்வகைப் பெருக்கமும் கொண்ட நிலம் அரிதாக இருக்கிறது. கோடை மழையை அங்குள்ளவர்களும் மான்சூன் என்றே அழைக்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

ஆசிரியராக இருந்த பழக்கத்தால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. நம் பழைய பாடல்களில் வரும் கள்ளி, ஒடித்தால் பால் வடியும் யூபோர்பியா இனம். அமெரிக்கக் கள்ளிகளோ கேக்டஸ் என்னும் வேறொரு குடும்பம். இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இலையைத் துறந்து, தண்டைத் தடிக்க வைத்து, அதில் நீரைச் சேர்த்து, முள்ளால் காவலிட்டுக்கொள்வது என்ற ஒரே தீர்வுக்கு வறட்சிதான் அவற்றைத் தனித்தனியே கொண்டுசேர்த்திருக்கிறது. நம் வேலியோரங்களில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியோ உண்மையான கேக்டஸ். அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. அதன் சொந்த நிலத்தில், ஊதா நிறம் ஏறிய வகை முதற்கொண்டு பல வகைகளை ஒரே வரிசையில் பார்த்தபோது, நெடுநாள் பழகிய ஒருவரின் பிறந்த வீட்டுக்கு முதன்முறையாகச் சென்றது போலிருந்தது.

இந்த இடத்தின் பெருஞ்செல்வம் எது என்று என்னைக் கேட்டால், பாதையோரங்களில் நிற்கும் தன்னார்வ விளக்குநர்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் பேசியவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலவே பணி ஓய்வு பெற்றவர்கள். ஒரு சிறு மேசையில் மண்டை ஓடு, இறகு, விதை, காய்ந்த கள்ளியின் விலா எலும்பு போன்ற மரக்குச்சி ஆகியவற்றை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைக் கவனித்து, அதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒரு பெரியவர் கிரியோசோட் செடியின் சிறு கிளை ஒன்றை என் கையில் கொடுத்து, அதன்மேல் வாயால் ஊதிவிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். மூச்சின் ஈரம் பட்டதும் அந்த இலைகளிலிருந்து எழுந்த மணத்தை, இந்தப் பாலையில் மழை பெய்யும்போது எழும் மணம் அதுதான் என்று அவர் விளக்கினார். மண்வாசனைக்கு அவர்களிடம் ஓர் இலை இருக்கிறது என்று என் கணவர் சொன்னார்.

அந்தப் பெரியவருடன் நான் அதிக நேரம் பேசியது இன்னொரு மரத்தைப் பற்றி. சிறு சிறு இலைகளும் முள்ளும் நெற்றும் எனக்கு எங்கேயோ பழகியவையாகத் தோன்றவே அருகில் சென்று பார்த்தேன். வெல்வெட் மெஸ்கீட் என்று எழுதியிருந்தது. தமிழ்நாட்டின் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் நிறைத்து, அகற்றச் சொல்லி நீதிமன்றம் வரை வழக்குச் சென்ற சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. நம்மிடம் வந்ததும் மெக்சிகோ, மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளுக்கு உரிய இனமே. இங்கே இந்த மரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு வேறு. அவரை இனத்தைச் சேர்ந்ததாகையால் வேர் வழியே மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கிறது. இளங்கள்ளிகளுக்கு நிழல் தந்து வளர்க்கிறது. இதன் இனிப்பான நெற்றுகளை இடித்து மாவாக்கி உண்பது டொஹோனோ ஓஓதம் பழங்குடி மக்களின் தொன்மையான வழக்கம். எங்கள் ஊரில் இதன் உறவினரை வேரோடு பிடுங்குவதற்கு இயந்திரங்களைக் கொண்டுவருகிறோம் என்று நான் சொன்னபோது அந்தப் பெரியவர் வியப்போடு கேட்டுக்கொண்டார். இங்கேயும் மேய்ச்சல் வெளிகளில் மெஸ்கீட் அளவுக்கு மீறிப் பரவுவது பற்றிய கவலை உண்டு என்று நேர்மையாகச் சேர்த்துச் சொன்னார். பிறகு "சீமைக் கருவேலம்" என்ற பெயரை என்னை இரண்டு முறை உச்சரிக்கச் சொல்லி, ஆங்கில எழுத்தில் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம் அந்த உரையாடல் ஒன்றிலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

சவாரோ என்னும் பெருங்கள்ளியைப் பற்றிப் படித்திருந்தாலும், அதன் காலக் கணக்கு எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. பத்து ஆண்டு வளர்ச்சிக்குப் பின் அது ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். முதல் கை முளைப்பதற்கு 50 முதல் 75 ஆண்டுகள் ஆகலாம். வறட்சி மிகுந்த இடங்களில் இன்னும் அதிகம். 150 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 40 அடிக்கு மேல் உயரக்கூடியது. எங்கள் வயதுள்ள சவாரோ அப்போதுதான் முதல் கையை நீட்டத் தொடங்கியிருக்கும். மழை பெய்ததும் மடிப்பு மடிப்பான அதன் உடல் துருத்தியைப் போல விரிந்து நீரை நிரப்பிக்கொள்கிறது. கீலா மரங்கொத்தி அதில் பொந்து குடைகிறது. அந்தக் காயத்தைச் சுற்றிக் கள்ளி கெட்டியான ஓடு ஒன்றை வளர்த்துத் தன் நீரைக் காத்துக்கொள்கிறது. மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தில் சிறு ஆந்தை குடியேறுகிறது. சவாரோவின் உடல் அழிந்து மண்ணான பின்னும் அந்த ஓடு ஒரு மரச்செருப்பைப் போலக் கிடக்கும். விளக்குநரின் மேசையில் இருந்த அத்தகைய ஓடு ஒன்றை என் கணவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கசிவு ஏற்பட்ட குழாய்க்கு உள்ளிருந்தே உறை போடுவது போன்ற வேலை இது என்று சொல்லி, அதன்பின் அன்று முழுவதும் என்னைவிட உன்னிப்பாகச் செடிகளைப் பார்த்தார்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர் பருவத்தில் வேட்டைப் பறவைகளைக் கட்டவிழ்த்துப் பறக்கவிடும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. பயணத்தை அந்த மாதங்களுக்குள் அமைத்துக்கொள்ள இது ஒன்றே போதிய காரணம். காலில் கயிறு இல்லை. மேலே வலை இல்லை. பார்வையாளர்களுக்கு நடுவேயும் தலைக்கு மேலேயும் பறவைகள் பறக்கின்றன. கைகளை உயர்த்த வேண்டாம், குழந்தைகளைத் தோளில் ஏற்ற வேண்டாம் என்று முதலிலேயே அறிவிக்கிறார்கள். ஒரு சிறகின் காற்று என் நெற்றியில் பட்டபோது அந்த அறிவிப்பின் பொருள் விளங்கியது. ஹாரிஸ் பருந்துகள் மற்ற பருந்துகளைப் போலத் தனித்து வேட்டையாடுவன அல்ல. குடும்பமாகச் சேர்ந்து, ஒன்று விரட்ட மற்றொன்று மடக்கி வேட்டையாடுபவை. உட்காருவதற்குக் கிளை போதாத இடத்தில் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி நிற்கும் வழக்கமும் அவற்றுக்கு உண்டு. காலை நிகழ்ச்சியிலும் பிற்பகல் நிகழ்ச்சியிலும் வெவ்வேறு பறவைகள் வரும் என்பதால் இரண்டையும் பார்ப்பது நல்லது. நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். நெடுநேரம் நிற்க இயலாதவர்கள் மடக்கு நாற்காலித் தடி ஒன்றைக் கொண்டுசெல்ல வேண்டும்.

ரீங்காரச் சிட்டுகளுக்கான (ஹம்மிங்பேர்ட்) கூண்டைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன் என்பதால் சுருக்கிக்கொள்கிறேன். நம் தேன்சிட்டைப் போலத் தோன்றினாலும் இவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் வேறொரு குடும்பம். கூண்டுக்குள் நாமும் நுழைந்து அமர்ந்துகொள்ளலாம். சிலந்தி நூலால் கட்டிய கூடு ஒன்றில், என் கட்டைவிரல் அளவே இருந்த ஒரு தாய்ப்பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அங்கே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

விலங்குகளைப் பொறுத்தவரை, மலைச்சிங்கம், கரடி, பெருங்கொம்பு ஆடு, நீர்நாய் ஆகியவை பாறைகளும் நீரோடையும் கொண்ட அடைப்புகளில் இருக்கின்றன. பிற்பகலில் அவற்றில் பல உறங்கிவிடும். காலையில் திறக்கும் நேரத்துக்கே சென்றுவிட்டால் அவற்றின் நடமாட்டத்தைக் காணலாம், வெயிலுக்கும் தப்பலாம். என் மனத்தில் நின்றது மெக்சிகோ ஓநாய். காடுகளிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் அழிக்கப்பட்ட இந்த ஓநாய், எஞ்சியிருந்த 7 விலங்குகளின் வழித்தோன்றல்களாகக் காப்பகங்களில் பெருக்கப்பட்டு, 1998 முதல் அரிசோனா–நியூ மெக்சிகோ எல்லைக் காடுகளில் மீண்டும் விடப்பட்டு வருகிறது. அரை மைல் நீளமுள்ள மண் பாதையில் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த கயோட்டியும், பன்றியைப் போலத் தோன்றினாலும் பன்றி அல்லாத ஹவலீனாவும் இருக்கின்றன. அங்குள்ள வேலி கண்ணுக்கு எளிதில் புலப்படாதபடி அமைக்கப்பட்டிருப்பதால், விலங்குக்கும் நமக்கும் இடையே ஒன்றுமில்லை என்ற எண்ணம் சில நொடிகளுக்கு எழுகிறது. இந்தப் பாதை சிறிது ஏற்ற இறக்கமுடையது. நிழலும் மிகக் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் காலையில் முதல் வேலையாக இதை முடித்துக்கொள்வது நல்லது. சுண்ணாம்புக் குகையைப் போலச் செயற்கையாக அமைத்த கூடமும், அதை அடுத்துள்ள கனிமக் காட்சியும் குளிர்ச்சியானவை. நண்பகலை அங்கே கழிக்கலாம். குகையின் குறுகலான கிளைவழியில் குனிந்து செல்ல வேண்டியிருக்கும்; அதை நான் தவிர்த்துவிட்டேன்.

இந்த அருங்காட்சியகத்தின் விதி எவ்வளவு பொருள் பொதிந்தது என்பது, முன்னும் பின்னும் பார்த்த மற்ற இடங்களோடு சேர்த்து எண்ணியபோதுதான் எனக்குத் தெளிவாகியது. பீனிக்ஸ் விலங்குக் காட்சியகம் இதற்கு நேர்மாறானது; உலகின் பல நிலங்களைச் சேர்ந்த விலங்குகள் அங்கே உண்டு. அதற்காக அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. அரேபியப் பாலைவனத்தின் வெண்ணிற ஓரிக்ஸ் மான்கள் வேட்டையால் அழிந்துகொண்டிருந்தபோது, தட்பவெப்பம் ஒத்திருந்த காரணத்தால் 1963 தொடங்கி அங்கே கொண்டுவரப்பட்டு, 9 விலங்குகளைக் கொண்டு ஒரு மந்தை உருவாக்கப்பட்டது. 1972இல் அரேபியப் பாலையில் கடைசி ஓரிக்ஸும் மறைந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1982இல், காப்பில் வளர்ந்த மந்தைகளிலிருந்து ஓமன் நாட்டின் பாலையில் ஓரிக்ஸ் மீண்டும் விடப்பட்டது. தன் நிலத்தை இழந்த ஓர் உயிருக்கு வேறொரு நாட்டின் பாலை இருபது ஆண்டுகள் அடைக்கலம் தந்திருக்கிறது. அந்த மான்களின் அடைப்புக்கு முன்னால் நான் கைகூப்பி நின்றேன் என்றால் மிகையன்று.

அதே பயணத்தில், நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பகுதியில் அதன் மறுபக்கத்தையும் அறிந்தோம். 1969க்கும் 1977க்கும் இடையே ஆப்பிரிக்க ஓரிக்ஸ் மான்கள் 93, வேட்டைக்காக அங்குள்ள ஏவுகணைச் சோதனைக் களத்தில் விடப்பட்டன. அவற்றைக் கட்டுக்குள் வைக்கச் சிங்கம் இல்லாத நிலத்தில் அவை ஆயிரக்கணக்காகப் பெருகின; வெண்மணல் குன்றுகளின் மெல்லிய தாவரங்களைக் காக்க எல்லையில் வேலி போட வேண்டியதாயிற்று. சீமைக் கருவேலத்தின் கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒயிட் சாண்ட்ஸ் 2019 டிசம்பரில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 275 சதுர மைல் பரப்பில் பரவியுள்ள அந்த மணல் உண்மையில் ஜிப்சம். நீரில் கரையும் ஜிப்சம் மணலாகக் குவிந்திருப்பதற்குக் காரணம், அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நீர் வெளியேறிக் கடலுக்குச் செல்ல வழியே இல்லாததுதான். வெயில் நேரத்திலும் வெறுங்காலில் நடக்க இயல்கிறது. கைப்பிடியோடு கூடிய ஒரு மரப் பலகைப் பாதையில் சக்கர நாற்காலியும் செல்லும். ஏவுகணைச் சோதனை நடக்கும் நாள்களில் சாலையைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள் என்பதால் முன்கூட்டி விசாரித்துச் செல்ல வேண்டும். அருகிலுள்ள அலமகோர்டோ நகரில், ரயிலுக்குக் காத்திருக்கும் பயணிகளுக்காக 1898இல் தொடங்கப்பட்ட ஒரு சிறிய விலங்குக் காட்சியகம் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். மலைச்சரிவிலுள்ள விண்வெளி வரலாற்று அருங்காட்சியகத்தின் கொடிக்கம்பங்களுக்கு அருகே, 1961இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹாம் என்னும் சிம்பன்சியின் கல்லறை இருக்கிறது. காட்சிகளைவிட அந்தக் கல்லறையின் முன்னால்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம்.

டூசானுக்கே உரிய மற்றொன்று பீமா விமான அருங்காட்சியகம். 1976இல் திறக்கப்பட்டது, 80 ஏக்கர் பரப்பில் சுமார் 400 விமானங்கள் உள்ளன. ஈரப்பதம் குறைந்த காற்றும் கெட்டியான மண்ணும் துருவை அண்டவிடாமல் செய்வதால்தான் பழைய விமானங்களை அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கில் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று என் கணவர் விளக்கினார். எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் உளவு விமானத்தைச் சுற்றி அவர் மூன்று முறை நடந்தார். எனக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. இயந்திரங்களில் ஆர்வமுள்ளவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். பீனிக்ஸின் இசைக்கருவி அருங்காட்சியகத்தில், ஒரு காட்சியின் அருகே சென்று நின்றதும் அதற்குரிய இசை நாம் காதில் அணிந்த ஒலிக்கருவியில் தானாக ஒலிக்கிறது. நல்ல இருக்கைகளும் குளிர்ச்சியும் உண்டு. பயணத்தின் களைப்பைப் போக்கிக்கொள்ள இறுதி நாளுக்கு அதை வைத்துக்கொள்வது தக்கது.

வடக்கு அரிசோனாவின் கல்மரக்காட்டுத் தேசியப் பூங்காவைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். 22 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் சிலிக்கா ஏறிக் கல்லாகிக் கிடக்கும் அந்த இடத்திலிருந்து கல்லை எடுத்துச் சென்றவர்கள், மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றை அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். அக்கடிதங்கள் சிலவற்றை அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் திரும்பி வந்த கற்களை மீண்டும் காட்டில் வைப்பதில்லை; தனியே குவித்துவைக்கிறார்கள். எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பது தெரியாமல் போனபின் அந்தக் கல்லின் அறிவியல் பொருளே குலைந்துவிடுகிறது. அந்தக் கற்குவியலின் படத்தைப் பார்த்தபோது, எந்த உயிரையும் அதன் சொந்த நிலத்தோடு சேர்த்தே காட்டும் டூசானின் நினைவுதான் எனக்கு வந்தது.

செல்ல விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் 80 டாலர் செலுத்தித் தேசியப் பூங்காக்களுக்கான வாழ்நாள் மூத்தோர் அட்டையைப் பெறலாம். வாகனத்துக்குக் கட்டணம் வாங்கும் பூங்காக்களில் காரில் உடன் வருபவர்களுக்கும் அது செல்லும். பிள்ளைகளைப் பார்க்க விசாவில் வரும் பெற்றோருக்கு அந்த அட்டை கிடைக்காது. டூசான் பாலைவன அருங்காட்சியகம் தேசியப் பூங்கா அன்று. அங்கே அந்த அட்டை செல்லாது. வசிக்கும் ஊரின் விலங்குக் காட்சியகத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு வேறு ஊர்களின் காட்சியகங்கள் பல பாதிக் கட்டணச் சலுகை தருகின்றன. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அருங்காட்சியகத்துக்குச் செல்லும் கேட்ஸ் பாஸ் மலைச்சாலை அழகானது, செங்குத்தானது, வளைவுகள் மிகுந்தது. சிறிய கார்களுக்கு ஏற்றது. தங்கும் வசதியுள்ள பெரிய வீட்டு வண்டியில் வருபவர்கள் தெற்கே அஹோ சாலை வழியாகச் சுற்றி வர வேண்டும். கிழக்கே நியூ மெக்சிகோ செல்லும் 10ஆம் எண் நெடுஞ்சாலையில் புழுதிப்புயல் எழலாம் என்ற எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. புயல் சூழ்ந்தால் சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால், நகரும் வாகனம் என்று எண்ணிப் பின்னால் வருபவர் நம்மீது மோதக்கூடும். எங்களுக்கு வாடகைக் கார் கொடுத்த நிறுவனம் தேய்ந்த சக்கரத்தோடு வண்டியை ஒப்படைத்திருந்தது. என் கணவர் குனிந்து பார்த்ததால் கண்டுபிடித்து மாற்றிக்கொண்டோம். அடுத்த ஊர் ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் நிலத்தில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. வண்டியை எடுக்கும் ஒவ்வொருவரும் நான்கு சக்கரங்களையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மெக்சிகோ உணவகங்களில் மசித்த பீன்ஸ் சைவம் போலத் தோன்றினாலும் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கக்கூடும். வழியில் ஓரிடத்தில் நாங்கள் பாதி சாப்பிட்ட பிறகே அதைச் சொன்னார்கள். சைவ உணவு உண்பவர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இறுதியாக, வரிசை. டூசானின் இரு பக்கங்களிலும் சவாரோ தேசியப் பூங்காவின் இரு பகுதிகள் உள்ளன. நாங்கள் அறியாமையால், வந்து சேர்ந்த அன்றே கிழக்குப் பகுதிக்குச் சென்று, உயரமான பச்சைத் தூண்களை மட்டும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். அருங்காட்சியகத்தின் இரண்டாம் நாள் மாலையில், அதற்கு மிக அருகிலுள்ள மேற்குப் பகுதியில் மெதுவாகக் காரை ஓட்டிச் சென்றபோது, என் கணவர் தாமாகவே ஓரமாக வண்டியை நிறுத்தினார். பட்டை முழுதும் பச்சையாக இருந்த ஒரு பாலோ வெர்டே மரத்தின் அடியில், முள்ளும் சருகும் மறைத்திருந்த நிழலுக்குள், ஒரு சாண் உயரமுள்ள ஒரு சவாரோ நின்றது. அந்த அளவுக்கு வளரவே அதற்கு இருபது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். முதல் நாள் இதே போன்ற மரங்களை நூற்றுக்கணக்கில் கடந்து வந்தோம். ஒன்றன் அடியிலும் நாங்கள் குனிந்து பார்க்கவில்லை. ஆகவே முதலில் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். பூங்காவுக்கு அதன்பின் செல்லுங்கள்.